சிவாலய ஓட்டம்: முதன்முறை போகிறவர்களுக்குத் திருமலை முதல் நட்டாலம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இருக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களை மகா சிவராத்திரியை ஒட்டி வரிசையாகக் கும்பிட்டு முடிப்பதுதான் சிவாலய ஓட்டம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சாலயம் ஓட்டம் என்பார்கள். மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர் என்பது ஊர்க்கணக்கு. நீங்கள் பிடிக்கிற குறுக்கு வழியைப் பொறுத்து அது கூடும், குறையும்.

நான் முதல் வருடம் மூன்றாவது கோயிலோடு திரும்பி வந்தவன். அதற்கப்புறம் முடித்த வருடங்களில் எனக்கு முன்னாலும் பின்னாலும் பலர் அதே இடத்தில், அதே காரணத்தால் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இது பக்திக்காக மட்டும் சொல்வதல்ல. வழியில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் கதையில்தான் இருக்கிறது. கதை தெரியாதவர்கள் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

தருமர் யாகம் நடத்துகிறார். அதற்குப் பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தின் பால் வேண்டும். வாங்கி வரும்படி பீமனைக் கிருஷ்ணர் அனுப்புகிறார். புருஷாமிருகம் தீவிர சிவபக்தி கொண்டது, திருமாலின் பெயரைக் கேட்டாலே சீறும். பீமனின் கையில் கிருஷ்ணர் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுக்கிறார். பீமன் “கோவிந்தா, கோபாலா” என்று கூவ, மிருகம் துரத்துகிறது. பிடிபடப் போகும்போது பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. லிங்கத்தைக் கண்ட மிருகம் நின்று பூசை செய்கிறது. பூசை முடிந்ததும் திரும்பவும் துரத்தல். இப்படிப் பன்னிரண்டு இடங்கள். கடைசி இடத்தில் சிவனும் திருமாலும் ஒன்றே என்று மிருகத்துக்குக் காட்சி கிடைக்கிறது. அதுதான் திருநட்டாலம், சங்கரநாராயணர்.

இன்னொரு கதையும் உண்டு. தொட்டதையெல்லாம் எரிக்கும் வரத்தைச் சூண்டோதரன் என்ற அசுரன் சிவனிடம் வாங்கி, அதை அவரிடமே சோதிக்க வருகிறான். சிவன் “கோவிந்தா, கோபாலா” என்று திருமாலைக் கூப்பிட்டபடி ஓடுகிறார். திருமால் மோகினியாக வந்து காப்பாற்றுகிறார்.

சிவன் கோயிலில் நின்று “கோவிந்தா” என்று ஏன் கத்துகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் விழிப்பதற்கு விடை இதுதான். ஓடுகிறவர்களுக்கே கோவிந்தன் என்றுதான் பெயர். முதல் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பீமன் ஓடுகிறான், மிருகம் ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று நிதானமாகப் பூசை செய்கிறது. ஓட்டம் பாதி, நிற்பது பாதி. புதியவர்கள் மறப்பது இரண்டாவது பாதியை.

2. நாளைக் குறியுங்கள்

சிவராத்திரி மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு. ஓட்டம் தொடங்குவது அதற்கு முந்தின நாள் பிற்பகலில். முடிவது சிவராத்திரி இரவில். ஆக, விடுப்பு மூன்று நாளுக்குப் போடுங்கள். முந்தின நாள், சிவராத்திரி நாள், மறுநாள். சிவராத்திரிக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம்தான், ஆனால் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு அது உதவாது. மறுநாளை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மறுநாள் காலையில் படி இறங்கும்போது தெரியும்.

3. நடையா, வண்டியா

பைக்கிலும் வேனிலும் போகிறவர்கள் இப்போது நிறைய. அதில் குறை ஒன்றும் இல்லை. வயதானவர்களும் பெண்களும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள், சிவராத்திரி நாள் காலையில் கிளம்பினால் போதும். இந்த வழிகாட்டி நடந்து போகிறவர்களுக்கு.

கணக்கு இப்படி. மணிக்கு நாலரை கிலோமீட்டர் நடந்தால் 110 கிலோமீட்டருக்கு 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். கோயிலுக்கு அரை மணி நேரம் வைத்தால் பன்னிரண்டு கோயிலுக்கு ஆறு மணி நேரம். மொத்தம் முப்பது, முப்பத்தொன்று. பிற்பகல் நாலு மணிக்குத் திருமலையில் கிளம்பினால் மறுநாள் இரவு பதினொரு மணி வாக்கில் நட்டாலம். இந்தக் கணக்கில் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. ‘ஓட்டம்’ என்ற சொல்லை நம்பி முதல் இரண்டு கோயில்களுக்கு ஓடுகிற பையன்களை அருமனைக்கு அப்புறம் திண்ணைகளில் பார்க்கலாம்.

4. விரதமும் உடம்பும்

மாலை போட்டு ஒரு வாரம் விரதம் இருப்பது வழக்கம். ஒரு வேளை உணவு, இளநீர், நொங்கு என்று அவரவர் வீட்டு முறை உண்டு. என் ஆலோசனை ஒன்றே ஒன்று. விரதத்தைக் கிளம்புகிற நாளன்று இறுக்காதீர்கள். அதுவரை எப்படி இருந்தாலும் சரி, கிளம்புகிற நாள் மதியம் கஞ்சியாவது உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். முப்பது மணி நேரம் வியர்க்கப் போகிற உடம்பு அது.

அதற்கு முன்பே, குறைந்தது மூன்று வாரமாவது, செருப்பில்லாமல் தார்ரோட்டில் நடந்து பழகுங்கள். பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடுதான் போகிறார்கள். மாசி மதியத் தார் எப்படி இருக்கும் என்று உள்ளங்கால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வயலில் நடந்து பழகியவன்தானே என்று நானும் நினைத்தேன். வயல் வேறு, தார் வேறு.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த விரதத்தையும் நடையையும் சேர்த்துச் செய்யக் கூடாது.

5. கையில் என்ன வேண்டும்

காவி வேட்டி, காவித் துவர்த்து (துண்டு), ருத்திராட்சம் அல்லது துளசி மாலை, ஒரு பனையோலை விசிறி. விசிறியின் காம்பில் இரண்டு சிறு துணிப்பைகள் கட்டுவார்கள். ஒன்றில் காசு, மற்றதில் கோயில்களில் வாங்கும் திருநீறு.

விசிறி அலங்காரத்துக்கு இல்லை, சன்னிதியில் நின்று சுவாமிக்கு வீசுவதற்கு. ஓடிக் களைத்த சிவனுக்குக் காற்று என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு முறை குளிக்கிறீர்கள், பையோடு குளத்தில் இறங்கினால் திருநீறு சேறாகிவிடும். காசுப் பையையும் திருநீற்றுப் பையையும் ஒரே முடிச்சில் கட்டுகிறவர்கள் காணிக்கை எடுக்கும்போது இரண்டையும் கொட்டிவிடுகிறார்கள். காம்பின் இரண்டு பக்கமும் தனித்தனி முடிச்சு, திருநீற்றுப் பைக்குள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. சில்லறையாகவே காசு எடுத்துப் போங்கள். குளிக்கும்போது விசிறியை ஒருவர் கரையில் பிடிக்க வேண்டும், அதனால் தனியாகப் போகாதீர்கள்.

இவற்றோடு நான் சேர்ப்பது: இன்னொரு வேட்டி, சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், கையடக்க டார்ச், முதுகில் ஒட்டுகிற மாதிரி ஒளிரும் பட்டை.

தேங்காய் எண்ணெய் ஏன் என்று கேட்பீர்கள். நான் முதல் வருடம் திற்பரப்போடு நின்றது கால் வலியால் அல்ல. ஈர வேட்டியோடு நடந்து நடந்து இரண்டு தொடையும் உரசிப் புண்ணாகி, ஒரு அடி வைக்க முடியவில்லை. கிளம்புமுன் தொடை இடுக்கிலும் விரல் இடுக்கிலும் எண்ணெயை நன்றாகப் பூசுங்கள். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் திரும்பப் பூசுங்கள். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் வேட்டியை நன்றாகப் பிழிந்து கட்டுங்கள், அல்லது உலர்ந்ததை மாற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி ஓட்டம் முடிந்த மாதிரி.

6. ஒவ்வொரு கோயிலிலும் செய்வது

வரிசை மாறாமல் செய்தால் அரை மணியில் முடியும். முதலில் குளம் அல்லது ஆற்றில் குளியல். ஈர உடையோடு, மேல் துணி இல்லாமல், “கோவிந்தா, கோபாலா” சொல்லிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சன்னிதியில் விசிறி வீசுதல். காணிக்கை. திருநீறு வாங்கிப் பையில் போடுதல். வெளியே வந்து வேட்டி பிழிந்து, எண்ணெய் பூசி, ஒரு டம்ளர் ஏதாவது குடித்துக் கிளம்புதல்.

புதியவர்கள் முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் குளிக்கப் போவார்கள். உடம்பு ஆறினதும் குளிர்ந்த நீரில் இறங்கினால் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்ளும். வந்த சூட்டோடு இரண்டு நிமிடம் நின்று, உடனே குளியுங்கள். ஓய்வு பிறகு.

தண்ணீர் பற்றியும் ஒன்று. கோதையாறு பாசன அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் தொடக்கம் முதல் பிப்ரவரி இறுதி வரைதான் தண்ணீர் விடுவார்கள். சிவராத்திரி மார்ச்சில் வந்தால் வழியில் கால்வாய்களை நம்பாதீர்கள். குளத்தில் நீர் குறைவாக இருந்தால் கடைசிப் படிகளில் பாசி இருக்கும், உட்கார்ந்து இறங்குவதில் வெட்கம் வேண்டாம்.

7. திருமலை முதல் திற்பரப்பு வரை

முதல் கோயில் முன்சிறையில் இருக்கிற திருமலை. சின்னக் குன்றின் மேலே கோயில். கூட்டம் முழுவதும் இங்கேதான் ஒன்றாகக் கிளம்பும், அதனால் பிற்பகல் இரண்டு மணிக்கே போய்விடுங்கள். கூட்டத்தின் வேகம் உங்களை இழுக்கும். இழுபடாதீர்கள்.

அடுத்தது திக்குறிச்சி, தாமிரபரணிக் கரையில். இது குழித்துறை வழியாக ஓடும் எங்கள் தாமிரபரணி, நெல்லைக்காரர்களுடையது வேறு. மார்த்தாண்டத்துச் சந்தடியில் வண்டிகளைக் கவனியுங்கள். கோயிலுக்குள் போய் நந்தியைத் தேடாதீர்கள், இங்கே நந்தி கிடையாது. இருட்டிய பிறகு வந்து சேருவீர்கள், ஆற்றில் படி தெரிகிற இடத்தில் மட்டும் முங்குங்கள்.

இதற்கு அப்புறம்தான் ஓட்டத்தின் மிகக் கடினமான பகுதி. சிதறால், அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. தூரம் அதிகம், ஏற்றஇறக்கம், இரவு. முதல் உற்சாகம் வடிந்திருக்கும், தூக்கம் வரும். பேச்சு நின்றுபோய் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அருமனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் சுக்குவெள்ளம் (சுக்குத் தண்ணீர்), மோர், பானகம், கஞ்சி தருவார்கள். ஒவ்வொரு இடத்திலும் வாங்கிக் குடித்தால் வயிறு குலுங்கும், மறுத்தால் அவர்கள் முகம் வாடும். அரை டம்ளர் போதும் என்று கேட்டு வாங்குவது என் வழி. உப்புப் போட்ட கஞ்சி கிடைத்தால் மட்டும் முழுதாகக் குடியுங்கள்.

திற்பரப்பில் கோதையாற்றின் அருவிக்குப் பக்கத்திலேயே மகாதேவர் கோயில். நள்ளிரவில் அருவியில் குளிக்கும் ஆசை வரும். வேண்டாம். பாறை வழுக்கும், தலையில் விழும் நீர் அசந்த உடம்பை இன்னும் அசத்தும். ஆற்றோரப் படியில் குளித்துவிட்டு, கோயில் முற்றத்தில் முப்பது நிமிடம் தூங்குங்கள். அலாரம் வைத்துத் தூங்குங்கள். நான் பார்த்த வரையில் இங்கே அரை மணி தூங்கியவர்கள் முடித்திருக்கிறார்கள், தூங்காமல் போனவர்கள் பொன்மனையில் இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறார்கள்.

8. திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம்

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிறீர்கள். இருட்டு அடர்த்தி. சாலையின் வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

திருநந்திக்கரையில் கோயிலுக்கு அருகிலேயே குடைவரை ஒன்று இருக்கிறது. பாறைக்குள் பழைய ஓவியங்களின் மிச்சமும், வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், முதலாம் இராசராசனின் ஐப்பசிச் சதய விழாவைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளன. இதைப் பார்க்க ஆசைப்பட்டால் வேறொரு நாள் பகலில் வாருங்கள். ஓட்டத்தன்று டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கூட்டத்தையும் தவறவிடுவீர்கள்.

பொன்மனையில் விடியும். சுவாமி தீம்பிலேசுவரர். தீம்பிலன் என்பவன் கல்லில் ஆயுதத்தைத் தீட்டியபோது இரத்தம் வந்து, அங்கே லிங்கம் தெரிந்தது என்பது கதை. இங்கே காலையில் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள், சுத்தமான துணியால் கட்டுங்கள். முள்ளோ கண்ணாடித் துண்டோ ஏறியிருந்தால் வலி மரத்துப்போய் தெரியாமல் இருக்கும்.

அங்கிருந்து குமாரபுரம், முட்டைக்காடு பக்கமாகப் பன்னிப்பாகம். இதுவும் நீண்ட நடை, வெயில் ஏறும் நேரம். துவர்த்தை நனைத்துத் தலையில் போடுங்கள். சுவாமி கிராதமூர்த்தி, அருச்சுனனோடு பன்றிக்காகச் சண்டை போட்ட வேடன் உருவம். உப்பு, சர்க்கரைப் பொட்டலத்தை இங்கே பிரிக்கலாம்.

9. கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு

இவை ஒன்றுக்கொன்று கிட்டத்தில் உள்ளவை. பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளே கல்குளம் நீலகண்டசுவாமி கோயில். மற்றவை பெரும்பாலும் கேரளப் பாணியில் ஓட்டுக்கூரையோடு இருக்க, இது கோபுரமும் பெரிய தெப்பக்குளமுமாக இருக்கும். ஆனந்தவல்லி அம்மனுக்கும் சன்னிதி உண்டு. அடையாளம் தெரியாமல் நாலைந்து பேர் தெருவில் நின்று வழி கேட்பது வருடா வருடம் நடக்கும். குளத்தைப் பார்த்துப் போங்கள்.

அரண்மனை இங்கேதான் இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். அதையும் இன்னொரு நாளுக்கு வையுங்கள், திங்கட்கிழமை தவிர.

மதியத் தார்ச்சூடு இங்கே உச்சம். மேலாங்கோடு வேளிமலை அடிவாரத்துப் பக்கம், காலகாலர் கோயில். அதற்குப் பிறகு வில்லுக்குறி அருகே திருவிடைக்கோடு, சடையப்பர். மூன்றையும் அவசரமாக முடித்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். மிச்சம் பிடித்த நேரத்தை நிழலில் உட்கார்ந்து செலவழியுங்கள். மூன்று மணிக்கு முன்னால் திருவிடைக்கோட்டிலிருந்து கிளம்பாதீர்கள்.

10. கடைசி மூன்று

வில்லுக்குறியிலிருந்து தக்கலை வரை நாகர்கோவில்–திருவனந்தபுரம் நெடுஞ்சாலையைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். முழு ஓட்டத்திலும் எனக்குப் பயம் தந்த இடம் இதுதான். களைப்பில் கால் சாலைக்குள் சாயும், பின்னால் வருவது லாரி. ஒரே வரிசையில் போங்கள். ஒளிரும் பட்டையை மாலையிலேயே கட்டிவிடுங்கள்.

திருவிதாங்கோடு பழைய வேணாட்டின் தலைநகர், திருவிதாங்கூர் என்ற பெயரே இதிலிருந்து வந்தது. இப்போது அமைதியான ஊர். குளித்துக் கும்பிட்டு, இங்கேதான் நன்றாகச் சாப்பிட வேண்டும். இதற்கு அப்புறம் பசி தெரியாது, மயக்கம்தான் தெரியும்.

பள்ளியாடி அருகே திருப்பன்றிக்கோடு. பத்து முடிந்துவிட்டது என்ற நினைப்பில் குளிக்காமல் உள்ளே போகிறவர்கள் உண்டு. மிருகம் பன்னிரண்டு முறையும் பூசை செய்துதான் கிளம்பியது, அவ்வளவுதான் சொல்வேன்.

திருநட்டாலம் கொஞ்ச தூரம்தான். இங்கே மகாதேவர் கோயிலும் சங்கரநாராயணர் கோயிலும் குளத்தின் பக்கங்களில் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்துதான் முடிவு. மற்ற பதினோரு இடங்களிலும் திருநீறு வாங்கிய கை இங்கே சந்தனம் வாங்கும்.

11. நடுவில் விட நேர்ந்தால்

சிறுநீர் கருத்துப்போனால், தலை சுற்றினால், வாந்தி வந்தால், கால் வீங்கி விரல் மடங்காவிட்டால் நிறுத்துங்கள். மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை மூன்றும் வழியிலேயே இருக்கிற ஊர்கள், மூன்றிலும் மருத்துவமனையும் பஸ்ஸும் உண்டு. விட்ட கோயில்களை மறுநாள் வண்டியில் போய் வரிசையாகக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

12. வீடு திரும்புதல்

கதையின் கடைசியில் ஒரு வழக்கு வரும். பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள் இருக்கும்போது பிடிபட்டதால், அவன் உடம்பில் பாதி மிருகத்துக்குச் சொந்தம் என்று தருமர் தீர்ப்புச் சொல்வார். நட்டாலத்துக் குளத்தங்கரையில் உட்கார்ந்து எழ முயன்றால், இடுப்புக்குக் கீழே எது நம்முடையது என்ற சந்தேகம் வரும்.

அதனால் பைக்கை முன்கூட்டியே நட்டாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற புத்திசாலித்தனம் வேண்டாம். முப்பது மணி நேரம் தூங்காத ஆள் வண்டி ஓட்டக் கூடாது. தூங்கி எழுந்த ஒருவரை ஆட்டோவோ காரோ கொண்டுவரச் சொல்லி வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் கோயில் திண்ணையில் துவர்த்தை விரித்துப் படுத்து, காலையில் கருங்கல் போய் பஸ் ஏறுங்கள். அதற்கு முன் திருநீற்றுப் பையை அவிழ்த்து உலர வையுங்கள், வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்.